மஞ்சள் துணி கட்டிய நியாய சபை

முன்னொரு காலத்தில், விடுமுறை என்றால் உயிரையே விடுகிற ராஜா ஒருவர் இருந்தார். அரண்மனைக் கிளி கொட்டாவி விட்டால்கூடப் போதும், நியாய சபைக்கு விடுமுறை! வாசலில் மஞ்சள் துணி கட்டிவிடுவார்கள். அது தொங்கும்வரை யாரும் வழக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் மொட்டையடித்து ஊர்வலம். சட்டம் அமைச்சர் நீலகண்டருடையது. அரசவை விகடன் சொக்காண்டியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

ஒரு விடுமுறை நாளில் தயிர்க்காரி பேச்சி சபை வாசலில் அழுதுகொண்டிருந்தாள்.

“என் எருமைய அமைச்சரு வீட்டு ஆளுங்க ஓட்டிட்டுப் போயிட்டாங்க சாமி. கன்னுக்குட்டி பாலில்லாம கெடக்கு. எப்ப வந்தாலும் மஞ்சத்துணிதான் தொங்குது.”

சொக்காண்டிக்கு மனசு கொதித்தது. தோட்டத்தில் ஊஞ்சலாடும் ராஜாவிடம் சொல்லலாம் என்றால், இவன் எப்போது வாய் திறப்பான், மொட்டையடிக்கலாம் என்று அமைச்சர் நாவிதரையே அங்கே நிறுத்திவைத்திருந்தார். துணியையே முறைத்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது.

“அழாதே அம்மா. சபைக்குத்தானே விடுமுறை, உன் காலுக்கு இல்லையே? கன்றோடு போய் எருமையை ஓட்டி வா.”

“புடிச்சுக்கிட்டா?”

“பிடித்து யாரிடம் வழக்குச் சொல்வார்கள்?”

அமைச்சர் வீட்டு வாசலில் கன்றின் குரல் கேட்டதும் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்தது. செய்தி எட்டியதும் அமைச்சர் ராஜாவின் முன் பதறிப்போய் நின்றார்.

“மன்னா! பட்டப்பகலில் என் எருமையை…”

“மெல்ல, அமைச்சரே! இன்று விடுமுறை. நாவிதர் அருகில்தான் நிற்கிறார்,” என்றான் பின்னாலேயே வந்த சொக்காண்டி.

“நாளை சொல்கிறேன்!”

“நாளை பட்டத்து யானையின் பிறந்தநாள். மறுநாள் பாகனுடையது. தாங்களே அறிவித்ததுதான்.”

அமைச்சருக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்த் தம் கையாலேயே மஞ்சள் துணியைப் பிடுங்கி எறிந்தார். “சபை கூடட்டும், மன்னா!”

“கூடிவிட்டது!” என்றான் ராஜாவோடு வந்துசேர்ந்த சொக்காண்டி. “முதலில் வந்தவள் பேச்சி, மன்னா. அவள் வழக்கை முதலில் கேளுங்கள்.”

பேச்சி எருமையோடு வந்தாள். கன்று முட்டி முட்டிப் பால் குடித்தது. அந்தக் கன்று பேச்சி வீட்டில் பிறந்தது என்பது ஊருக்கே தெரியும். எருமை பேச்சிக்கே என்று ராஜா தீர்ப்புச் சொன்னார். இத்தனை நாள் வாசலில் அழுதவளைப் பார்க்காமல் ஊஞ்சலாடினோமே என்று அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“சொக்காண்டி, என்ன பரிசு வேண்டும்?”

“இனி விடுமுறை அறிவிக்கும் பொறுப்பை எனக்கு அருளுங்கள், மன்னா.”

“தந்தேன்! அடுத்த விடுமுறை எப்போது?”

“நாளை முதல், மன்னா. அமைச்சருக்கு மட்டும்.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.