ஆட்டுக்கிட்ட பேசுன பேச்சியம்மா

ஒரு ஊர்ல செல்லக்கனின்னு ஒருத்தி இருந்தா. புருசன் இல்ல. ஒரு துண்டு வயல் உண்டு, அதுல விளையுற நெல்லுதான் வருசம் முழுக்கச் சோறு. அவ ஒருநாள் ஞானஸ்நானம் வாங்கி, இயேசுசாமிய கும்பிட ஆரம்பிச்சா. அப்போ ஊர் கூடி அவள விலக்கி வச்சிட்டு. யாரும் அவகூடப் பேசக்கூடாது, அவ வயல்ல வேலைக்கு இறங்கக்கூடாது. மீறுனா அவங்களுக்கும் அதே கதிதான்.

ஏன்னு கேக்கியா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல, ஏட்டி. முந்தின நாள் வரைக்கும் அவ வீட்டு மோர வாங்கிக் குடிச்சவங்கதான் எல்லாரும். ம் கொட்டு.

"ம்."

அப்போ பக்கத்து டவுன் சர்ச்சுல ஞானப்பூன்னு ஒருத்தி, பெண்கள் சங்கத்துத் தலைவி. சேதி அவ காதுக்கு வந்துட்டு. ஏதாவது செய்யணும். என்ன செய்யணும்னுதான் தெரியல.

முதல்ல பைபிள் வசனம் போட்ட காலண்டர் பத்து கொண்டுபோய்க் கொடுத்தா. செல்லக்கனி வீட்டுச் சுவத்துல இருக்கது ஒரே ஒரு ஆணி. அப்புறம் சங்கத்துல எல்லார்ட்டயும் கேட்டு ஒரு மூட்டை பட்டுச்சேலை கொண்டுபோனா. கட்டிக்கிட்டு அவ எங்க போவா, பாவம்? அப்புறம், கேளு கூத்த, மைக் செட்டோட போயி ஜெபக்கூட்டம் போட்டா. கொய்ய்ய்ங்னு மைக் அலற, ஊரே கொதிச்சிட்டு. டமார்! செல்லக்கனி வீட்டு ஓட்டுல கல்லு விழுந்துட்டு.

ஞானப்பூ என்ன செஞ்சா? நல்லதுதானே செஞ்சோம், ஏன் எல்லாம் கோணலாப் போகுதுன்னு வாசப்படியிலயே உக்காந்து அழுதா. அப்போதான் கேட்டா, "உனக்கு என்னதான்க்கா வேணும்?"

அதுவரைக்கும் அதை யாருமே கேக்கல பாத்துக்கோ.

செல்லக்கனி சொன்னா, "நெல்லு முத்தி நிக்கி. மழை வரப்போகுது. உங்களுக்கு அருவா பிடிக்கத் தெரியுமா?"

ஞானப்பூ ஓடிப்போயி சங்கத்துல கேட்டா. அந்த வாரம்தான் சர்ச்சுல அறுப்பின் பண்டிகை. ஒரு மாசமா அறுப்புப் பாட்டாப் பாடிப் பழகிட்டு இருக்காங்க. ஒருத்திகூட ஒரு கதிர அறுத்தது கிடையாது.

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

அப்புறம் மறுநாள் விடிய சங்கத்துப் பொம்பளைங்க பதினோரு பேரு வயல்ல இறங்குனாங்க. சரக் சரக்னு கேக்கணும்லா? இங்க லொடக்கு லொடக்குன்னு கேக்கு. ஞானப்பூ வேரோட பிடுங்குதா. விரலையும் அறுத்துக்கிட்டா. இந்தா, இந்த விரலத் தொட்டுப் பாரு.

"ஞானப்பூ நீயா, பெரியம்மா?"

நடுவுல பேசாத. பக்கத்து வயல்ல பேச்சியம்மான்னு ஒருத்தி ஆடு மேய்ச்சுக்கிட்டு நின்னா. செல்லக்கனிக்கு இருபது வருசப் பழக்கம். ஆனா பேசுனா ஊரு விடாது. பொறுத்துப் பொறுத்துப் பாத்தா, முடியல. ஆட்டப் பாத்துக் கத்துனா.

"ஏ ஆடே, நெல்லுத் தாளை மேல பிடி. அருவா கீழ போகட்டும். உன் பக்கமா இழு, வெட்டாத."

ஆடு மே...ன்னு முழிக்கி. எங்களுக்கும் ஒண்ணும் புரியல. செல்லக்கனிதான் குனிஞ்சுக்கிட்டே அழுகையும் சிரிப்புமா, "ஆட்டுக்குச் சொல்லுதா, நீங்க கேட்டுக்கோங்க"ன்னா.

அப்புறம் பாரு, சரக், சரக், சரக். ஆடு அன்னைக்கு முழுக்கப் பாடம் கேட்டுது, கட்டுக் கட்ட, தலையில வைக்கச் சும்மாடு சுத்த, எல்லாம். வானம் கடகடங்குது. கடைசிக் கட்டு களத்துக்கு வந்து தார்ப்பாய மூடவும் சோன்னு மழை கொட்டவும் சரியா இருந்துச்சு.

ஊர்ப் பெரியவர் பேச்சியம்மாவ விசாரிச்சாரு. "நான் என் ஆட்டோட பேசுனேன், அதுக்கும் தடை உண்டா?"ன்னு கேட்டா. அவருக்கே குழம்பிட்டு, போயிட்டாரு.

அப்புறம் வெயில் வந்து, நெல்ல அடிச்சுத் தூத்துனாங்க. செல்லக்கனி ஒரு ஓலைப்பெட்டி நெல்லு எடுத்து வரப்புல வச்சா. பேச்சியம்மாவப் பாக்கவே இல்ல. "இது அந்த ஆட்டுக்கு"ன்னு வானத்தப் பாத்துச் சொல்லிட்டுத் திரும்பி நடந்தா.

பேச்சியம்மா அந்தப் பெட்டியையே பாத்துக்கிட்டு நின்னா. ஆட்டத் தள்ளிட்டு வரப்பத் தாண்டி ஓடி வந்தா. வந்து செல்லக்கனி கையப் பிடிச்சு, அவ மொகத்தப் பாத்தே பேசுனா.

"நீ சாப்பிட்டியாக்கா?"

கதை களத்துக்கு வந்துட்டு. ஆடும் படுத்துட்டு. நீயும் கண்ண மூடு, தாயி.