இளைத்த சிங்கக் காசு

கடலோரச் சீமை ஒன்றைச் சேதிராயர் என்ற ராஜா ஆண்டுவந்தார். சிக்கனத்தில் சூரர். அவர் அச்சடித்த வெள்ளிப்பணம் வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே போனது. அவருடைய சபையில் விகடனாக இருந்த நல்லதம்பி உட்பட யாரும் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

அங்கே யோரிஸ் என்ற ஒல்லாந்து வியாபாரி துணி வாங்க வந்தான். ஆயிரம் முழத்துக்கு நூறு வெள்ளிக் காசு என்று பேசி முடித்தான். பேசும்போது காட்டியது குதிரைவீரன் பொறித்த கனத்த காசு. கொடுக்கும்போது எடுத்தது சிங்கம் பொறித்த காசு. பட்டினி கிடந்த சிங்கம்போல அது மெலிந்திருந்தது. நெசவாளர்கள் வயிறெரிந்து சபைக்கு ஓடிவந்தார்கள்.

யோரிஸ் அசரவில்லை. "எங்கள் தேசத்தில் ஏழு மாகாணம். காசு அடிக்க மாகாணத்துக்கு ஒரு அக்கசாலை. இதுதான் காசு என்று சொல்ல மேலே ஒரு ராஜா கிடையாது. எல்லாமே வெள்ளிக் காசுதான். நூறு என்றேன், நூறு கொடுத்தேன்" என்றான்.

அவன் கப்பலில் பீரங்கி இருந்தது. அதனால் ராஜாவின் கோபம் நல்லதம்பிமேல் பாய்ந்தது. சண்டையில்லாமல் கனத்த காசை வாங்கு, இல்லாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள் என்றுவிட்டார். நல்லதம்பிக்குத் தன் வேலையைவிட நெசவாளர் வீட்டு உலைதான் பெரிய கவலையாக இருந்தது.

துணி அளக்கும் நாள் வந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கத் தேடி, எல்லோரையும்விடக் குள்ளமான மருதையனை நல்லதம்பி கூட்டிவந்து அளக்கவிட்டான். முழங்கையிலிருந்து விரல்நுனிவரை வைத்து மருதையன் பொறுமையாக அளந்தான். ஆயிரம் முழம் முடிந்தபோது கால்வாசித் துணி மிச்சம் கிடந்தது.

யோரிஸ் தாம்தூம் என்று குதித்தான்.

"எங்கள் சீமையிலும் ஏழு ஊர் இருக்கிறது, துரை. ஊருக்கு ஒரு கை. இதுதான் முழம் என்று எங்கள் ராஜாவும் இன்னும் சொல்லவில்லை. எல்லாமே முழம்தான். ஆயிரம் கேட்டீர்கள், ஆயிரம் கொடுத்தோம்" என்றான் நல்லதம்பி.

யோரிஸ் மிச்சத் துணியை ஏக்கத்தோடு பார்த்தான். பிறகு சிங்கங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு குதிரைவீரர்களை எண்ணி வைத்தான். மருதையன் வெற்றிலை போடப் போனான். நெட்டைக் காத்தான் வந்து கையை நீட்டி முதலிலிருந்து அளந்தான்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். நல்லதம்பிக்கு நூறு பணம் பரிசு என்றார்.

நல்லதம்பி கைகட்டி நின்றான். "யோரிஸ் துரையிடம் சொல்லி, அதை அந்த இளைத்த சிங்கமாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள், மகாராஜா. தங்கள் பணத்தைவிட அது கனம்."

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. மீதியைச் சபை சிரித்து முடித்தது.