மாடுகளை ஓட்டிப் போன புகைமலைப் பெண்

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலத்தில் நடந்தது இது, கேளுங்கள். ஆற்றுக்கு அக்கரையில் புகைமலை, இக்கரையில் வெண்மலை. புகைமலை ஓயாமல் புகையும், உறுமும், சில ஆண்டுகளில் நெருப்பையும் கக்கும். வெண்மலையோ மேகத்தைப் போர்த்திக்கொண்டு பேசாமல் நிற்கும்.

வெண்மலை அடிவாரத்து ஊருக்குப் பொறையன் தலைவர். அவர் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் வேம்பி, புகைமலைப் பெண். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்பவள். “உன் மலைக்கும் வாய், உனக்கும் வாய்” என்று ஊரே அவளைக் குத்திக்காட்டியது. வேம்பி பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

ஒரு கோடையில் வெண்மலைச் சுனை சுட்டது. வேம்பிக்கு விளங்கிவிட்டது. அவள் பிறந்த ஊரில் சுனை சுட்டால் மூட்டை கட்டிவிடுவார்கள்.

“மாமா, இதுவும் நெருப்பு மலைதான். ஊரைக் காலி செய்யச் சொல்லுங்கள்.”

“வெயில் காலத்தில் தண்ணீர் சுடாமல் குளிருமா?” என்றார் பொறையன்.

மறுநாள் ஆடுகள் மலையேற மறுத்தன. அதையும் சொன்னாள். “உன் குரலைக் கேட்டு மிரண்டிருக்கும்” என்றார்.

மூன்றாம் நாள் பாறை வெடித்துக் கந்தக நெடி வந்தது. அதையும் சொன்னாள். பொறையன் ஊரைக் கூட்டிவிட்டார்.

“எங்கள் மலை ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. வாயாடி மலையில் பிறந்தவள் அதைப் பழிக்கிறாள். இப்போதே உன் ஊருக்குப் போ.”

கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வேம்பிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எல்லாரும் வெந்து போகட்டும் என்று விறுவிறுவென்று நடந்தாள். ஊர் எல்லையில், மாட்டுப்பட்டி அருகே நின்றாள். கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். என்ன செய்தால் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

படலைத் திறந்தாள். ஊர் மாடுகள் அத்தனையையும் ஆற்றை நோக்கி விரட்டினாள்.

“மாட்டைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள்” என்று ஊர் கொதித்தது. ஆண்கள் தடியோடு ஓடினார்கள். பெண்கள் வசவோடு ஓடினார்கள். அவளுக்கு விழப்போகும் அடியைப் பார்க்காமல் விடக்கூடாதென்று கிழவர்களைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் மிச்சமில்லை.

கோடையில் முழங்காலளவே ஓடிய ஆற்றைக் கடந்து, அக்கரையில் பொறையன் அவளைப் பிடித்துத் தடியை ஓங்கினார். அப்போது வெண்மலை பிளந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீடு, வயல், பட்டி எல்லாவற்றையும் நெருப்பு மூடியது.

தடியைக் கீழே போட்டுவிட்டுப் பொறையன், “இப்படி ஆகுமென்று உறைக்கிற மாதிரி நீ சொல்லியிருக்கக் கூடாதா, அம்மா?” என்றார்.

“மூன்று முறை சொன்னேன், மாமா” என்றாள் வேம்பி. அவள் கோபம் தணியவில்லை. கணவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், அத்தனை பேருக்கும் கஞ்சி காய்ச்ச அடுப்புக் கல் கூட்டினாள்.

சத்தம் போடுவதெல்லாம் கெட்டதுமல்ல, சத்தம் போடாததெல்லாம் நல்லதுமல்ல. சொல்லும் குரலை வெறுத்துச் சொன்ன செய்தியைத் தள்ளுபவன் தன் கேட்டைத் தானே தேடிக்கொள்கிறான்.