ராஜாவின் லிமிட்

வல்லூற்றுக்கோட்டை ராஜாவுக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. சண்டை போட எதிரிகள் இல்லை. இருந்தவர்களை வெள்ளைக்காரன் முன்பே முடித்துவிட்டான். ஆகவே ராஜா இங்கிலீஷ் படித்தார், வாரத்துக்கு ஒரு வார்த்தை. வாத்தியார், துபாஷி ரங்கநாதம். துரைமார் பேசுவதை ராஜாவுக்கும் ராஜா பேசுவதைத் துரைமாருக்கும் எடுத்துச் சொல்லும் உத்தியோகம் அவருக்கு. இரண்டு பக்கமும் சரிபார்க்க ஆளில்லாததால் மகா பண்டிதர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

அந்த வாரம் வந்து இறங்கிய வார்த்தை 'லிமிட்'.

“நிலத்துக்கு எல்லை, பேச்சுக்கு வரம்பு, சாப்பாட்டுக்கு அளவு என்று நாம்தான் ஏகப்பட்ட வார்த்தைகளைச் சுமந்துகொண்டு அல்லாடுகிறோம் மகாராஜா. வெள்ளைக்காரனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே லிமிட்! அதனால்தான் அவன் உலகத்தை ஆளுகிறான்,” என்றார் ரங்கநாதம்.

ராஜாவுக்கு வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டது. ரசத்தில் உப்பு லிமிட் தாண்டியது என்று சமையல்காரனுக்குத் திட்டு விழுந்தது. மூன்று மாதமாக விருந்தாடிக்கொண்டிருந்த ராணியின் தம்பியிடம், “மாப்பிள்ளை, தங்குவதற்கும் லிமிட் உண்டு” என்றார். அன்று சாயங்காலமே ராணி, ராஜாவின் லிமிட் எது என்பதை அந்தப்புரத்தில் வைத்துத் தெளிவாக விளக்கினாள். ராஜா அந்த அர்த்தத்தை மட்டும் மறந்துவிட முடிவு செய்தார்.

“வீட்டுக்குள் வேண்டாம் மகாராஜா. இந்த வார்த்தையின் முழு அழகும் நிலத்தில்தான்,” என்றார் ரங்கநாதம். “நம் அரண்மனை நிலத்துக்கும் புளியந்துறை ஊர் நிலத்துக்கும் நடுவில் ஒரு எல்லைக்கல் நிற்கிறதே, அதைப் பிடுங்கி அவர்கள் ஊரையும் ஏரியையும் தாண்டி நட்டால் ஏரி நம் லிமிட்டுக்குள் வந்துவிடும். தண்ணீரை ரோஜாத் தோட்டத்துக்குத் திருப்பலாம்.”

ரோஜாத் தோட்டத்தை அடுத்து ரங்கநாதத்தின் மாந்தோப்பு இருந்தது. அதை அவர் சொல்ல மறந்துவிட்டார், பாவம்.

புளியந்துறையில் கோடை நெல் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. பத்து நாள் தண்ணீர் நின்றால் அத்தனையும் பதர். ஊரார் வந்து காலில் விழுந்தார்கள். ராஜா, “அழுவதற்கும் ஒரு லிமிட் உண்டு” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் கல் இடம் மாறியது. “இனி ஊருக்கும் அரண்மனைக்கும் ஒரே லிமிட்!” என்று தண்டோரா போட்டார்கள்.

சபையில் ஆதிமூலம் என்றொருவர் இருந்தார். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவர் உத்தியோகம். அன்று அவருக்கே சிரிப்பு வரவில்லை. நேரே புளியந்துறைக்குப் போய் அம்மன் கோயில் பூசாரி கருத்தாண்டியிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் ராஜா புது பூட்ஸைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பட்டணத்துக்குப் பயணம். கவர்னர் துரை வீட்டில் விருந்து. அப்போது கருத்தாண்டி உள்ளே வந்தார். கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் மஞ்சள் கயிறு.

“எசமான், இன்னிக்குப் பொழுது சாய அம்மனுக்குக் காப்புக் கட்டு. எல்லைக்குள்ள யாரு பெரியவங்களோ அவங்க கையிலதான் மொதக் காப்பு. இத்தனை வருசமா நாட்டாமை கட்டுனாரு. இப்ப எல்லைக்குள்ள எசமான்தானே பெரியவங்க? கையை நீட்டுங்க.”

ராஜாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. “கட்டினால்?”

“கட்டுற நேரத்துல எல்லைக்குள்ள இருக்குறவங்க யாரும் எட்டு நாளைக்கு எல்லைக்கல்லைத் தாண்டிப் போய் ராத்தங்கக் கூடாதுங்க. காலுல செருப்பு ஆகாது. கவிச்சி ஆகாது. வீட்டுல கடுகு தாளிக்கக் கூடாது. தரையிலதான் படுக்கணும்.”

“நாளைக்கு நான் பட்டணம் போகணுமய்யா!”

“தாராளமா போங்க எசமான். உங்க தாத்தாவும் ஒருக்கா இந்த எல்லைக்குள்ள வேட்டைக்கு வந்து, காப்புக் கட்டுனப்புறம் தாண்டிப் போனவருதான். மூணாம் நாளு அம்மை வார்த்துருச்சு. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?”

ராஜாவின் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. வல்லூற்றுக்கோட்டையில் அவர் பயப்படுவது இரண்டு பேருக்கு. ஒருத்தி அந்தப்புரத்தில் இருந்தாள். இன்னொருத்தி அம்மன்.

“ஆதிமூலம்! இது என்ன கூத்து? காப்பு ஊருக்குத்தானே, அரண்மனைக்கு எதற்கு?”

“ஒரே லிமிட் என்று நேற்றுத்தானே தண்டோரா போட்டோம் மகாராஜா. அம்மன் காதிலும் விழுந்திருக்கும்.”

“ரங்கநாதம்! இதற்கு இங்கிலீஷில் ஏதாவது வழி உண்டா?”

அம்மனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது ரங்கநாதத்துக்கே அப்போதுதான் உறைத்தது.

“பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது,” என்றார் ஆதிமூலம் மெதுவாக. “அதற்குள் கல் பழைய குழிக்கே திரும்பிவிட்டால் அரண்மனை தப்பித்தது.”

“ரங்கநாதம், நட்டது நீர்தானே? ஓடும்! நீரே பிடுங்கிக்கொண்டு வாரும்!”

கூப்பிடாமலே ஊர் முழுக்க ஓடிவந்து கை கொடுத்தது. இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்தார்கள். சூரியன் பனைமரத்துக்குக் கீழே இறங்கும்போது கல் பழைய குழியில் உட்கார்ந்தது. ரங்கநாதம் சேறும் வேர்வையுமாக நின்றார்.

“கல் சாய்ந்தாற்போல இருக்கிறதே, அந்தப் பக்கம் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்,” என்றார் ஆதிமூலம்.

ரங்கநாதம் ஊர்ப் பக்கம் போய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “நேராகத்தான் இருக்கிறது!” என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, கோயிலில் பறை முழங்கியது. காப்புக் கட்டியாகிவிட்டது. நாட்டாமை பணிவாக வந்து, “துபாசி ஐயா, செருப்பைக் கழட்டிருங்க” என்றார்.

சேதி கேட்ட ராஜா வயிறு வலிக்கச் சிரித்தார். “கடுகு இல்லாத ரசத்தோடு எட்டு நாள்! பேஷ்! ஆதிமூலம், என்ன வேண்டுமோ கேளும்.”

“ஏரி புளியந்துறைக்கே சொந்தம் என்று ஒரு சாசனம் வேண்டும். தங்கள் முத்திரை வைத்து.”

“கல்லைத்தான் திருப்பி நட்டாயிற்றே! என் வார்த்தையில் உமக்கு நம்பிக்கை இல்லையா?”

“தங்கள் வார்த்தையில் பூரண நம்பிக்கை மகாராஜா. எட்டு நாள் கழித்து ரங்கநாதம் அடுத்த வார்த்தையோடு வருவாரே, அதை நினைத்தால்தான் பயம்.”

ராஜா சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்தார்.