தங்கமீன் தேடும் கூழாங்கல்

மீனும் நத்தையும் தவளையும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், குரல் என்பது தொண்டைக்குள் உருண்டுகொண்டிருக்கும் ஒரு சின்னக் கல். வேண்டுமென்றால் அதைத் துப்பி வைக்கலாம், வேண்டும்போது எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். தவளைகள் கோடையில் அதைச் சேற்றில் புதைத்துவிட்டு, மழை வந்ததும் தோண்டி எடுத்துக் கத்தும். துப்பி வைக்கவே மனம் வராத ஒரே பிராணி தங்கமீன். ஓயாமல் பேசும். பேச்சில் முக்கால்வாசி சாப்பாட்டைப் பற்றி.

ஆறு கடலில் விழுகிற ஒரு துறைமுக ஊரில் குமுதவல்லி என்று ஒருத்தி இருந்தாள். வேலையில் சூரப்புலி. அவள் தேய்த்த செம்பில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது. எதிரில் இருப்பவர் பேச்சைத் தொடங்கினால், அதை முடிப்பது குமுதவல்லியாகத்தான் இருக்கும். அவள் புருஷன் கோதண்டம் கப்பலில் சரக்கு இறக்குகிறவன். ஒருநாள் சாயங்காலம், தூர தேசத்துக் கப்பலிலிருந்து ஒரு ஜாடியை அணைத்துக்கொண்டு வந்தான். உள்ளே செக்கச்செவேலென்று ஒரு தங்கமீன். வால் மட்டும் பட்டுப்புடவைத் தலைப்பு மாதிரி.

“வறுக்கவா, குழம்புக்கா?” என்றாள் குமுதவல்லி.

“ஐயையோ, வளர்க்கறதுக்கு!”

“உங்களையும் உங்க அம்மாவையும் வளர்க்கிறது போதாதா எனக்கு?”

ஜாடிக்குள்ளிருந்து மீன் தலையைத் தூக்கியது. “அக்கா, அடுப்பிலே பருப்பா? வாசனை தெருமுனையிலேயே வந்திடுச்சு. பெருங்காயத்தை நெய்யிலே பொரிச்சுப் போட்டீங்கதானே? அதான் தூக்குது!”

குமுதவல்லி கரண்டியும் கையுமாக நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் சமையலைப் பற்றி ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. உப்பு குறைந்தால் மட்டும் எல்லாருக்கும் நாக்கு முளைத்துவிடும்.

“இந்த ஜாடியிலே இது எப்படித் திரும்பும்? வால் மடங்குது, கண்ணு தெரியலையா உங்களுக்கு?” என்று புருஷனை அதட்டினாள். கூடத்து நிழலில் சும்மா கிடந்த பெரிய கல்தொட்டியைக் கழுவி, ஆற்றுக் கூழாங்கல்லை அடியில் பரப்பி, தண்ணீர் நிரப்பி மீனை விட்டாள். கூழாங்கல்லோடு ஒரு நத்தையும் வந்து சேர்ந்தது. அதை யாரும் அழைக்கவில்லை. அதுவும் போகிறேன் என்று சொல்லவில்லை.

அதன்பிறகு குமுதவல்லிக்குச் சமையலறையில் புது உற்சாகம். தாளிக்கும்போதே கூடத்திலிருந்து குரல் வரும். “கறிவேப்பிலை இப்பத்தான் பறிச்சதா அக்கா?” ஆமாம், இப்போதுதான் பறித்தது. அந்த வீட்டில் வேறு யாருக்குத் தெரியும் அது?

ஆனால் மீன் அவளிடம் மட்டுமா பேசியது? காலையில் கோதண்டம் வெளியே கிளம்பும்போது, “மாமா, உங்களை விட்டா என்னை யாரு பார்க்கிறா?” என்றது. அவன் ஒரு பிடி அவலைப் போட்டான். அவன் தலை மறைந்ததும் மாமியாரைக் கூப்பிட்டது. “பெரியம்மா, ராத்திரியிலேருந்து பட்டினி.” அவள் பருப்பு சாதத்தை உருட்டிப் போட்டாள். மத்தியானம் குமுதவல்லி பொட்டுக்கடலையைப் பொடித்துப் போட்டாள். தான் ஒருத்தர்தான் அந்த ஜீவனுக்கு இரக்கப்படுவதாக மூன்று பேருக்கும் பெருமை. மீன் பொய் சொல்லவில்லை. தின்றது தொண்டையைத் தாண்டியதும் அதற்கு மறுபடி நிஜமாகவே பசித்தது.

கொஞ்ச நாளில் தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. கல்லெல்லாம் வழுவழு. வாடை வேறு. குமுதவல்லிக்கு அழுக்கென்றால் ஆகாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள்.

தொட்டி விளிம்பில் நத்தை மெல்ல ஊர்ந்து வந்தது. “தாயி… அந்த… வழுவழுப்பை…”

“வழுவழுப்புத்தானே? எனக்குத் தெரியாதா? ஒரே தேய்ப்பிலே போயிடும்” என்றாள்.

மீனைக் குடத்துக்கு மாற்றி, தண்ணீரை முழுசாகக் கொட்டினாள். புளியும் சாம்பலும் போட்டுத் தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். கூழாங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வெண்கலப் பாத்திரம் மாதிரி பளபளக்க வைத்தாள். கிணற்றிலிருந்து சில்லென்று இறைத்த தண்ணீரை அப்படியே நிரப்பினாள். கண்ணாடி மாதிரி இருந்தது. மீன் அதில் இறங்கியதும் உடம்பு ஒரு முறை வெடவெடத்தது. குமுதவல்லி அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

வாரம் திரும்புவதற்குள் தண்ணீர் முன்னைவிட மோசம். அவள் முன்னைவிட அழுத்தித் தேய்த்தாள். மறுபடி கலங்கியது, மறுபடி தேய்த்தாள். தோற்றுப் பழக்கமில்லாத கை அது.

ஒரு காலை, தாளிக்கிற சத்தத்துக்குக் கூடத்திலிருந்து பதில் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தாள். மீன் ஒருக்களித்து மிதந்தது. வயிறு உப்பி, வால் கசங்கி, செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. அப்போதும் சொன்னது: “அக்கா… ஒரே ஒரு வாய்…”

குமுதவல்லி கரண்டியைக் கீழே போட்டாள். விளிம்பிலிருந்த நத்தையைப் பார்த்தாள். “நீ என்னவோ சொல்ல வந்தியே அன்னிக்கு. சொல்லு.”

“தாயி… நீ… நடுவிலே…”

“பேசமாட்டேன். சொல்லித் தொலை!”

முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு தொட்டியடியில் உட்கார்ந்தாள். அடுப்பில் உலை கொதித்து அடங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை. நத்தை தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக ஒரு பேச்சைச் சொல்லி முடித்தது.

“கல்லுலே ஒட்டியிருந்த வழுவழுப்பு… அழுக்கில்லே, தாயி. அழுக்கைத் தின்கிற கூட்டம் அது… கண்ணுக்குத் தெரியாத ஜனங்க. நீ ஒவ்வொரு தடவையும்… ஊரோட தேய்ச்சு வெளியே கொட்டினே. பழைய தண்ணியிலே பாதிக்கு மேலே… எப்பவும் இருக்கணும். புதுத் தண்ணியை அண்டாவிலே ஒரு நாள் வச்சு… வீட்டுச் சூடு ஏறினப்புறம் ஊத்தணும். இந்த மீனுக்கோ… இரைப்பையே கிடையாது. போதும்னு சொல்ல உள்ளே ஆளில்லே. அது கேட்டுக்கிட்டேதான் இருக்கும்… நீங்க கொடுத்துக்கிட்டேதான் இருப்பீங்க.”

குமுதவல்லி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். “இவ்வளவுதானே? இதை முதல்லேயே சொல்றதுக்கென்ன?”

நத்தை ஓட்டுக்குள் போய்விட்டது. அதற்கும் மானம் உண்டு.

அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டாள். “தொட்டிக்குள்ளே யார் கை போனாலும், அவங்க இலையிலே சோறு விழாது.” கோதண்டம் பயந்தான். மாமியார் பயப்படவில்லை. “பெரியம்மா…” என்று மீன் முனகியதும் ஒரு உருண்டை உள்ளே போனது. சரி, மாமியாருக்குத்தான் இளகின மனசு என்று வைத்துக்கொள்ளலாம். மத்தியானம் குமுதவல்லியே ரசத்தை இறக்கிவைத்தபோது, “மிளகு… இப்பத்தான் தட்டினீங்களா அக்கா… என்ன வாசனை…” என்றது அந்த மெலிந்த குரல். அடுத்த நிமிஷம் பார்த்தால் தொட்டிக்கு மேலே நீண்டிருந்தது அவள் கை. விரல் நுனியில் சோற்றுப் பருக்கை.

தன் கையைத் தானே முறைத்துப் பார்த்தாள் குமுதவல்லி. சட்டமும் போதாது, காவலும் போதாது. அந்தக் குரல் இருக்கிறவரை யார் கையும் நிற்காது. சட்டம் போட்டவள் கையே நிற்கவில்லையே.

“இங்கே பாரு” என்றாள் மீனிடம். “உன் குரலைத் துப்பு.”

“ஐயோ அக்கா! நானென்ன தவளையா?”

“தவளை உயிரோட இருக்கு. உனக்கு இன்னும் ரெண்டு நாள் தாங்காது. துப்பு. உடம்பு தேறினதும் தர்றேன்.”

“சத்தியமா?”

“தர்றேன்னு சொன்னா தருவேன்.”

மீன் கண்ணை உருட்டியது. தொண்டையை இறுக்கித் துப்பியது. மற்ற கூழாங்கல் போலவே பழுப்பாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு கல். குமுதவல்லி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீடு அமைதியானது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் போடவில்லை. குமுதவல்லி மீனைப் பட்டினி போட்டாள். பிறகு ஒரு பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்து நசுக்கிக் கொடுத்தாள். அதன்பின் காலையில் ஒரு சிட்டிகை, அது தின்று தீர்க்கிற அளவு மட்டும். தண்ணீரில் கொஞ்சம் மொண்டு கொட்டி, அண்டாவில் வைத்திருந்ததிலிருந்து அவ்வளவே ஊற்றினாள். கல்லில் வழுவழுப்பு திரும்பவும் படர்ந்தது. தேய்க்கச்சொல்லி விரல்கள் துறுதுறுத்தன. கையைக் கட்டிக்கொண்டாள். வயிறு வடிந்தது, வால் விரிந்தது, செதிலில் பழைய பளபளப்பு ஏறியது.

ஒருநாள் மத்தியானம் மீன் நிமிர்ந்து நீந்தி மேலே வந்தது. அவள் முந்தானை முடிச்சையே பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கேட்கிறது. தருவதாகச் சொன்னதைக் கேட்கிறது.

குமுதவல்லி முடிச்சை அவிழ்த்தாள். அவளுக்கும் ஆசைதான். எத்தனை நாளாயிற்று, அந்தப் பெருங்காயப் பேச்சைக் கேட்டு!

பின்னால் காலடி. மாமியார், உள்ளங்கையில் ஒரு உருண்டை சாதத்தோடு. “வாயை வாயைத் திறக்குதே குமுதா, என்ன கேட்குது?”

“ஒண்ணும் கேட்கலை அத்தை. மூச்சு விடுது.”

மாமியார் நம்பாமல் உருண்டையைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு போனாள்.

குமுதவல்லி கையிலிருந்த கல்லைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். தொட்டியின் நடுவில் கல்லைப் போட்டாள். மீன் பாய்வதற்குள், முழங்கைவரை கையை விட்டு, அடியிலிருந்த கூழாங்கல் மொத்தத்தையும் ஒரு கலக்குக் கலக்கினாள்.

“தர்றேன்னு சொன்னேன், தந்துட்டேன். உள்ளேதான் கிடக்கு. தேடி எடுத்துக்கோ.”

மீன் ஒரு கல்லைக் கவ்வியது. உருட்டிப் பார்த்தது. இதில்லை. துப்பியது. அடுத்ததைக் கவ்வியது.

அன்றைக்குச் சாப்பாட்டில் மிளகு ரசம். கோதண்டம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தான். ஏப்பம் விட்டான். கையைக் கழுவிக்கொண்டு போனான். மாமியார் மோர் கேட்டாள். அவ்வளவுதான். குமுதவல்லி இலைகளை எடுத்துக்கொண்டு தொட்டியைக் கடந்தபோது, மீன் கல்லைத் துப்பிவிட்டு அவளுக்கு நேராக மேலே வந்தது. வாயைத் திறந்து மூடியது. திறந்து மூடியது.

“தெரியும்” என்றாள் குமுதவல்லி. “மிளகு இப்பத்தான் தட்டினது.”

தங்கமீன் இன்றைக்கும் கல்லைக் கவ்விக் கவ்வித் துப்புவது அன்று தொட்டுத்தான். மனிதரைக் கண்டதும் ஓடிவந்து சத்தமில்லாமல் வாயை அசைப்பதும், வளர்க்கத் தெரிந்தவர்கள் தொட்டித் தண்ணீரை ஒருபோதும் முழுசாகக் கொட்டாததும் அன்று தொட்டுத்தான். அது பசி என்கிறது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். சமைத்துவிட்டு வந்து நிற்கிறவளுக்குத் தெரியும், அது என்ன சொல்கிறதென்று.