பிடுங்காத ஒயர்

ராஜாவும் உண்டு, செல்போனும் உண்டு, அப்படி ஒரு நாடு. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் உதவி கேட்க, வெளியுறவு மந்திரி பராங்குசம் ஒரு செயலி செய்தார். துறையின் பணமெல்லாம் அதற்கே போனது. திறந்தால் மந்திரியின் படம் சிரிக்கும், அத்தோடு சரி.

அவர்களுக்கென்று துறையில் இருந்த பழைய உதவித் தொலைபேசியை எடுத்துப் பேசும் அஞ்சலையை அவர் மிரட்டினார்: "நாளைக்கு ராஜா இங்கே வர்றார். செயலியே போதும், இந்தத் தொலைபேசி வேண்டாம்னு நீயே சொல்லணும். இல்லேன்னா குண்டு விழுற ஊர்த் தூதரகத்துக்கு மாத்திடுவேன்!"

அஞ்சலை இரவெல்லாம் யோசித்தாள். ராஜாவிடம் பொய் சொன்னாலோ தலையே போகும்.

மறுநாள் ராஜா வந்தார். "செயலி போதுமா?"

அஞ்சலை தொலைபேசி ஒயரைப் பிடித்தாள்.

"போதும்னு மந்திரி சொல்றாருங்க, மகாராஜா. குண்டு விழுற ஊர்லதான் அவர் மகனும் படிக்கிறார். இப்பவே பிடுங்கிடட்டுமா?"

"ஐயோ, பிடுங்காதே! என் பிள்ளை எதில் கூப்பிடுவான்?" என்று அலறினார் மந்திரி.

ராஜா சிரிக்கவில்லை.

"நீரே போய் மகனைக் கூட்டி வாரும், பராங்குசம். அங்கே மாட்டிக்கொண்டால் பயமில்லை. உம்முடைய செயலிதான் இருக்கிறதே!"