செண்பகவல்லி தேடிய சொல்

“எங்க அப்பாங்கறதுக்காக அவர் பேரை ஆராய்ச்சியில இருந்து எடுத்துடச் சொல்லாதீங்க மேடம்” என்றாள் செண்பகவல்லி.

பேராசிரியர் மேகலா அவள் கொடுத்த தாள்களைப் புரட்டினார். மாணவியைவிடச் சில வயதே மூத்தவர். பேச்சில் மட்டும் படு கஞ்சம்.

செண்பகவல்லியின் ஆராய்ச்சி எளிமையானதுதான், ஆனால் வம்பை விலைக்கு வாங்குவது. கழிவுநீர் விதிகளைத் தளர்த்தச் சொல்லி, சாயப்பட்டறை முதலாளிகள் சங்கம் எம்.எல்.ஏ.க்களுக்கு ஒரு மனு கொடுத்திருந்தது. அந்த மனுவையும், அதன்பிறகு அவர்கள் சட்டசபையில் பேசியதையும் கணினியில் போட்டு ஒப்பிட்டாள்.

மனுவின் வாக்கியங்கள் அவர்கள் வாயில் அப்படியே வந்திருந்தன. மனுவிலிருந்த எழுத்துப்பிழைகள் பேச்சில் தெரியாது என்பதால் அந்த மட்டில் தப்பித்தார்கள்.

ஒருவர் பேச்சில் மட்டும் ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை. அவர் அரங்கசாமி, அவளுடைய அப்பா.

“ஒருத்தராவது விலை போகலைன்னு ஜனங்களுக்குத் தெரியட்டுமே மேடம்.” அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

“அப்பா எதைப் பேசி ஜெயிச்சார்?”

“ஆத்துல கலக்குற சாயக்கழிவை எதிர்த்துத்தான். ஊர் ஊரா நானும் கூடப் போயிருக்கேன். சட்டசபையில எழுந்தார்னா அதைச் சொல்லாம உட்கார மாட்டார்.”

“அந்தச் சொல்லைத் தேடு.”

தேடினாள்.

மனு வருவதற்கு முந்தைய பேச்சுகளில் ‘சாயக்கழிவு’ திரையில் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் வண்ணமிட்டுத் தெரிந்தது. பிந்தைய பேச்சுகளுக்கு வந்தாள். பேருந்து நிலையம் பற்றிப் பேசியிருந்தார். பள்ளிக்கூடச் சுவர் பற்றிப் பேசியிருந்தார். விதிகளைத் தளர்த்துவது பற்றிய விவாதம் நடந்த அன்று, நூலகத்துக்கு நாற்காலி கேட்டிருந்தார்.

மஞ்சள் எங்குமே இல்லை.

மறுபடி தேடினாள்.

“மெஷின் தப்பு மேடம்.”

“இருக்கலாம். அவர்கிட்டயே கேளு.”

மேகலா மேஜைமேல் கிடந்த செண்பகவல்லியின் கைப்பேசியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அப்பா உடனே எடுத்தார். “சொல்லு கண்ணு, சாப்பிட்டயா?”

“அப்பா, உங்க பேச்சையெல்லாம் தேடிப் பார்த்தேனுங்க. அந்தச் சங்கத்துக்காரங்க மனு வந்ததுக்கு அப்புறம் சாயக்கழிவுன்னு ஒரு வார்த்தைகூட இல்லீங்களே?”

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிடுங்கள் என்று அவள் மனசு கெஞ்சியது. திட்டினால்கூடப் போதும். பொய்யாக இருந்தாலும் நம்பிவிடத் தயாராக இருந்தாள்.

“அதைத் தேடச் சொன்னது யாரு கண்ணு?” என்றார் அப்பா.